மலாயாவில் பிறந்து மலையக மக்களுக்காக வாதாடிய தந்தை செல்வா

அமரர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவர்களின் பெயரைக் கேட்டதும் சமஷ்டிக் கோரிக்கை, சத்தியாக்கிரகப் போராட்டங்கள், கைவிடப்பட்ட ஒப்பந்தங்கள், இறுதியில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்பனவே எம்மவர் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 26ஆம் திகதி அவரது நினைவு தினத்தை அனுஷ்டிக்கும் கூட்டங்களிலும் இவை பற்றியே பெரிதும் பேசப்படுகின்றது. ஆனால், அவர் தாம் சார்ந்திருந்த கட்சியை விட்டு விலகிப் புதிய கட்சியொன்றை அமைக்கக் காரணமாக அமைந்த பிரச்சினை வடக்கு, கிழக்கு மக்களின் பிரச்சினையன்று. தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர் தோட்டங்களிலும் உழைத்த மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையே அதுவாகும். ஒருவர் ஒரு நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் அந்நாட்டவர் ஆகின்றார் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையும், அவ்விடை சட்டமாவதற்கு எடுத்த நீண்ட காலமும் இன்று மீட்டிப் பார்க்கத்தக்கவை.

ஈப்போவிலிருந்து தெல்லிப்பழைக்கு

செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து படித்த இளைஞர்கள் பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. தெல்லிப்பழையைச் சேர்ந்த அவரது தந்தையார் வேலுப்பிள்ளையும் அவ்வாறு சென்றவர்களில் ஒருவரே. பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுத் தாயார் அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பியபோது செல்வநாயகத்துக்கு வயது நான்கு. தந்தையார் மலாயாவிலேயே தங்கிவிட்டார். இரு நாடுகளில் பிரிந்து வாழும் குடும்பமொன்றின் பிள்ளையாகவே அவர் வளர்ந்தார் எனலாம்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு பரி. தோமாவின் கல்லூரியிலும் அவர் பயின்றார். பிற்காலத்தில் பிரதமராகி அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பரி. தோமாவின் கல்லூரியின் பழைய மாணவரே. இருபது வயதளவில் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்ற அவர், ஆசிரியராகக் கடமையாற்றியவாறே சட்டம் பயின்று 1923ஆம் ஆண்டு சட்டத்தரணியானார். சிவில் வழக்குகளில், குறிப்பாகக் காணி வழக்குகளில், பெயர் பெற்றார். உறுதிகளையும் பத்திரங்களையும் ஆராய்ந்து உரிமையை நிறுவும் வழக்குகளில் பல ஆண்டுகள் பழகிய அவருக்கு, உரிமை என்பது வேறு, அதற்கான ஆவணம் கையில் இருப்பது வேறு என்பது நன்கு தெரிந்திருந்தது.

மெலிந்த தேகம், தாழ்ந்த குரல், சுருக்கமான பேச்சு ஆகியனவே அவரது அடையாளங்களாக விளங்கின. மேடைகளை அதிரவைக்கும் நாவன்மை அவரிடம் இருக்கவில்லை. அந்த ஆற்றல் ஜி.ஜி. பொன்னம்பலத்திடம் இருந்தது. 1944ஆம் ஆண்டு பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸை நிறுவியபோது செல்வநாயகம் அவரோடு இணைந்து கொண்டார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வெற்றியீட்டிப் பாராளுமன்றம் சென்றபோது அவருக்கு வயது 49.

ஐந்து வருட வதிவிடம்

அவர் பாராளுமன்றம் புகுவதற்கு நெடுநாட்களுக்கு முன்னரே வதிவிடத் தகைமை பற்றிய சர்ச்சை இந்நாட்டில் ஆரம்பமாகியிருந்தது. 1928ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபார்சு செய்தபோது, ஐந்து வருடங்கள் இலங்கையில் வசித்திருந்தால் போதுமானது எனக் கருதியது. தோட்டத் தொழிலாளர்கள் பெருந்தொகையில் வாக்காளர்களாவர் என்ற அச்சத்தினால் இதற்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. இதன் விளைவாக 1931இல் நடைமுறைக்கு வந்த விதிகளில், இலங்கையை நிரந்தர வாழிடமாகக் கொண்டவர் என்பதை நிறுவுதல், அல்லது எழுத்தறிவு, சொத்துத் தகைமை உடையவராயிருத்தல், அல்லது நிரந்தரமாகக் குடியேறியவர் என்ற அத்தாட்சிப் பத்திரத்தைப் பெறுதல் என்றவாறு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன.

இந்நிபந்தனைகளின் விளைவை எண்ணிக்கைகளே எடுத்துக் காட்டுகின்றன. 1931இல் சுமார் ஒரு இலட்சமாக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை, 1939இல் சுமார் இரண்டேகால் இலட்சமாக உயர்ந்தது. விதிகள் இறுக்கமாகப் பிரயோகிக்கப்பட்டதும் 1943இல் அது ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. அந்த நான்கு வருடங்களில் அம்மக்கள் நாட்டை விட்டுச் சென்றுவிடவில்லை. அவர்கள் அதே லயன்களில், அதே மலைகளில்தான் இருந்தார்கள். அவர்களின் வதிவை அளந்த அளவுகோல் மாத்திரமே மாறியிருந்தது.

மறுபுறத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகும் கூட்டத்தினர் என்ற வாதமும் வலுவிழந்து கொண்டிருந்தது. 1939ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. புதியவர்களின் வருகை அத்துடன் பெருமளவில் நின்றுபோனது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 7 இலட்சத்து 80 ஆயிரம் பேராகவும், மொத்தச் சனத்தொகையில் 11.7 வீதமாகவும் இருந்த இந்தியத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் இங்கேயே வேரூன்றியவர்களாவர். அவர்களில் கணிசமானோர் இங்கேயே பிறந்தவர்கள்.

பிறந்த இடமும் தந்தை பிறந்த இடமும்

சுதந்திரம் பெற்று ஆறு மாதங்கள் நிறைவடைந்த நிலையில், 1948 ஆகஸ்ட் மாதம் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இதன் பிரகாரம் இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் ஒருவரைப் பிரஜையாக்காது. அவரது தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த ஒருவராயின், அவரது தந்தையும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பிரஜையாவார்.

இந்த ஏற்பாட்டை செல்வநாயகத்தின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால் அதன் விசித்திரம் விளங்கும். ஈப்போவில் பிறந்த அவர் தந்தைவழி உரித்தினால் இலங்கைப் பிரஜையானார். எவரும் அவரிடம் எத்தனை வருடங்கள் இங்கு வசித்தீர் எனக் கேட்கவில்லை. நுவரெலியாவிலோ பதுளையிலோ ஒரு லயன் அறையில் பிறந்து, வாழ்நாளில் இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத ஒரு தொழிலாளி, தன் தந்தை திருச்சிராப்பள்ளியிலோ இராமநாதபுரத்திலோ பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் அந்நியரானார். தந்தை இங்கு பிறந்திருந்தாலும் அதை நிறுவுவது எளிதாயிருக்கவில்லை. இந்நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலாகும். சிங்கள விவசாயிக்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கும் கூட மூதாதையரின் பிறப்பு அத்தாட்சி இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை என்பதே வித்தியாசமாகும்.

செல்வநாயகம் இச்சட்டமூலத்தை எதிர்த்துப் பேசினார். இன்று தோட்டத் தொழிலாளர்மீது விழும் அடி, நாளை மொழிப் பிரச்சினை எழும்போது ஏனைய தமிழ் பேசும் மக்கள்மீதும் விழும் என்பது அவரது எச்சரிக்கையின் சாரமாக அமைந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது இந்த எச்சரிக்கை பலராலும் நினைவுகூரப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் மலையகத்தில் பெற்ற ஆசனங்களும், வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்குத் தோட்டத் தொழிலாளர் அளித்த வாக்குகளுமே ஆட்சியாளரை இச்சட்டத்தை நோக்கித் தள்ளின என்பது அன்றைய எதிரணியினரின் பொதுவான கருத்தாகும்.

ஏழு வருடங்கள், பத்து வருடங்கள்

இதனைத் தொடர்ந்து வந்ததே 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமாகும். மேலோட்டமாகப் பார்த்தால் இது முதற் சட்டத்தின் கடுமையைத் தணிக்க வந்த சலுகையாகவே தோன்றும். வம்சாவளியால் பிரஜையாக முடியாதவர்கள் வதிவிடத்தின் அடிப்படையில் பதிவு பெற்றுப் பிரஜையாகலாம் என இது கூறியது. விவாகமானவராயின் 7 வருடங்களும் விவாகமாகாதவராயின் 10 வருடங்களும் இடையறாது இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும். உலகின் பல நாடுகளில் பிரஜாவுரிமைக்கு ஐந்து முதல் பத்து வருட வதிவு கோரப்படுவதோடு ஒப்பிடுமிடத்து, இந்த எண்கள் தம்மளவில் மிகையானவையல்ல.

சிக்கல் எண்களில் இருக்கவில்லை, அவற்றை எண்ணும் முறையில் இருந்தது. குறிப்பிட்ட 7 அல்லது 10 வருடங்களும் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முற்பட்டவையாக இருத்தல் வேண்டும். அதன் பின்னர் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் வதிவு தொடர்ந்திருத்தல் வேண்டும். விண்ணப்பிப்பதற்கு 1951 ஆகஸ்ட் வரை அவகாசம் இருந்தது. ஆகவே, இறுதி நாட்களில் விண்ணப்பித்த விவாகமான தொழிலாளி நடைமுறையில் 12 வருடங்களுக்கு மேற்பட்ட வதிவையும், விவாகமாகாதவர் 15 வருடங்களுக்கு மேற்பட்ட வதிவையும் நிரூபிக்க வேண்டியவரானார். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்பட்டது. விண்ணப்பதாரர் மாத்திரமன்றி, அவரது மனைவியும் அவரில் தங்கி வாழும் சிறு பிள்ளைகளும் இங்கு வசித்து வந்தமையும் காட்டப்பட வேண்டியிருந்தது. போதிய வருமானம் உண்டென்பதும் நிறுவப்பட வேண்டியிருந்தது.

தலைமன்னாரில் கப்பலேறி ஊர்த் திருவிழாவுக்கோ, தாயின் இறுதிக் கிரியைக்கோ, மனைவியின் பிரசவத்துக்கோ சென்று வருவது தோட்ட மக்களின் வழக்கமாக இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியபோது அச்சத்தினால் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியவர்களும் இருந்தனர். ஒரு மனிதன் தன் உறவுகளோடு கொண்டிருந்த இயல்பான பந்தம், நாட்டில் அவனுக்கு அக்கறையில்லை என்பதற்கான அத்தாட்சியாக மாற்றப்பட்டது. தோட்டத்து செக்ரோல் ஏடும் துரையின் கடிதமுமே பெரும்பாலான தொழிலாளரிடம் இருந்த ஆவணங்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர்களுக்கு அவையும் இல்லை.

இச்சட்டம் தோட்டத் தொழிலாளரை மட்டும் பாதித்தது என எண்ணுவதும் தவறாகும். கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் தலைமுறைகளாக வணிகம் செய்த இந்தியச் சோனகர், மேமன், போரா சமூகத்தவரும் இதே வதிவாளர் என்ற வகைக்குள் அடக்கப்பட்டனர். வணிகத்தின் பொருட்டு அடிக்கடி கடல் கடந்தவர்களுக்கு இடையறாத வதிவைக் காட்டுவது இன்னும் கடினமாயிற்று.

இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரிக்க முடிவு செய்து, பின்னர் அம்முடிவை மாற்றிக் கொண்டது. இறுதித் திகதிக்குள் சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. இவை எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியவை. ஆண்டுக்கணக்கில் நீடித்த பரிசீலனையின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றோர் தொகை சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் மாத்திரமே. ஆறு பேரில் ஒருவருக்குக் கதவு திறந்தது, ஐவருக்கு மூடியது எனலாம். வாக்குரிமையை இழந்தமையை எதிர்த்து மேற்கொள்ளப்பட்ட மேன்முறையீடு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோல்வி கண்டது. வதிவிடத்தின் மூலம் பிரஜாவுரிமை பெற இந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருக்கின்றது என்பதும் அங்கு கருத்திற் கொள்ளப்பட்ட விடயங்களில் ஒன்றாகும். நடைமுறையில் ஐவருக்கு மூடியிருந்த கதவு, காகிதத்தில் திறந்த கதவாகக் காட்சியளித்தது.

பிரிவும் புதிய கட்சியும்

இவ்விரண்டாவது சட்டமூலம் 1948 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்து நின்றது. அதற்கு முன்னரே அரசாங்கத்தில் இணைந்து அமைச்சராகியிருந்த பொன்னம்பலம் சட்டமூலத்தை ஆதரித்தார். செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், டாக்டர் இ.எம்.வி. நாகநாதன் ஆகியோர் எதிர்த்து நின்றனர். 1949 டிசம்பர் 18ஆம் திகதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி உதயமாயிற்று.

அன்றைய யாழ்ப்பாணத்தில் இது இலாபம் தரும் அரசியலாக இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரைத் தம்மவராகக் கருதும் மனப்பாங்கு குடாநாட்டின் நடுத்தர வர்க்கத்தினரிடம் அரிதாகவே காணப்பட்டது. அவர்களை இழிவாகக் குறிப்பிடும் சொற்களும் வழக்கில் இருந்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி இரண்டு ஆசனங்களை மாத்திரமே பெற்றது. செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோல்வியுற்றார். அதே தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதித்துவம் பாராளுமன்றத்திலிருந்து முற்றாக மறைந்தது.

தமிழ் பேசும் மக்கள் என்ற சொற்றொடரை அரசியல் வழக்கில் நிலைபெறச் செய்தவர் செல்வநாயகமே. வடக்கு, கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் ஆகிய முத்திறத்தாரையும் அது உள்ளடக்கியது. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றபோது கிழக்கின் முஸ்லிம் வேட்பாளர்களும் அதன் சார்பில் வெற்றியீட்டினர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் கட்சி நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. சமஷ்டி அரசியலமைப்பு, தமிழ் மொழிக்குச் சம அந்தஸ்து, திட்டமிட்ட குடியேற்றங்களை நிறுத்துதல் என்பவற்றோடு, நடைமுறையிலிருந்த பிரஜாவுரிமைச் சட்டங்களை நீக்கி, இந்நாட்டைத் தம் இல்லமாகக் கொண்ட அனைவருக்கும் எளிய வதிவிடத் தகைமையின் அடிப்படையில் முழுப் பிரஜாவுரிமை வழங்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்றாகும். வதிவிட நிபந்தனையே கூடாது என அவர்கள் கேட்கவில்லை என்பது கவனத்திற்குரியது. நாடொன்றுக்குத் தன் பிரஜைகள் யாரெனத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டத்தரணியான செல்வநாயகம் மறுக்கவில்லை. அளவுகோல் எளிமையானதாக, எல்லோருக்கும் பொதுவானதாக, சாதாரண மனிதன் நிரூபிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கையின் உட்பொருளாகும்.

பின்தள்ளப்பட்ட கோரிக்கை

ஆயினும், இக்கோரிக்கை பின்னாளில் அடைந்த கதியையும் மறைக்காமல் கூறுவதே நேர்மையாகும். 1957 ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் பிரதேச சபைகளும் மொழியும் விரிவாக இடம்பெற்றன. பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி விரைவில் கவனம் செலுத்தப்படும் என்ற அளவோடு மலையகப் பிரச்சினை முடிந்தது. அந்த ஒப்பந்தமும் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. 1960இல் எந்தத் தரப்பும் தனித்து ஆட்சியமைக்க முடியாதிருந்த வேளையில், தமிழரசுக் கட்சியின் நிபந்தனைகளில் பிரஜாவுரிமைச் சட்டத் திருத்தமும், அது நிறைவேறும்வரை நியமன ஆசனங்களில் மலையகத் தமிழருக்கு இடமளிப்பதும் சேர்க்கப்பட்டிருந்தன. 1965இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்துகொண்ட உடன்பாட்டிலோ பிரஜாவுரிமை பற்றிய ஏற்பாடு இடம்பெறவில்லை.

இதற்கிடையில், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. நாடற்றவர்களாகக் கணிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எத்தனை வருடம் வாழ்ந்தார் என்ற கேள்விக்குக் கூட இதில் இடமிருக்கவில்லை. மக்கள் எண்களாகவே பங்கிடப்பட்டனர். செல்வநாயகமும் சௌமியமூர்த்தி தொண்டமானும் இதை எதிர்த்தனர். சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தை அறியாது இரு அரசாங்கங்கள் செய்த ஏற்பாடு என்பதே எதிர்ப்பின் அடிப்படையாகும். இவ்வுடன்படிக்கைகளின் கீழ் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா சென்றனர். தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதங்களை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர்.

1972இல் திருகோணமலையில் தமிழர் ஐக்கிய முன்னணி அமைக்கப்பட்டபோது செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் ஆகிய மூவரும் ஒன்றாக நின்றனர். 1948இல் பிரிந்தவர்கள் கால் நூற்றாண்டின் பின் ஒரே மேடையில் அமர்ந்தனர். ஆனால் 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது, அது தம் மக்களின் வாழ்நிலைக்குப் பொருந்தாது எனக் கருதிய தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதிலிருந்து ஒதுங்கிக் கொண்டது. மத்திய மலைநாட்டில் வாழும் மக்களுக்கு வடக்கு, கிழக்கில் அமையும் நாடு எவ்வாறு விடையாகும் என்ற வினாவுக்குத் தீர்மானத்தில் தெளிவான பதில் இருக்கவில்லை. மலையக மக்களின் உரிமைக்காகக் கட்சி தொடங்கியவரின் இறுதித் தீர்மானத்தில் அம்மக்களின் பிரதிநிதிகள் பங்காளராக இருக்கவில்லை என்பது அவரது வாழ்வின் பெரும் முரண்பாடாகும்.

அவரைப் பலகாலமாகப் பீடித்திருந்த நடுக்கு வாதமும் செவிப்புலக் குறைவும் இறுதி ஆண்டுகளில் அவரைப் பெரிதும் தளர்த்தின. ஆயினும் 1972இல் தமது ஆசனத்தைத் துறந்து, காலந்தாழ்த்தி 1975 பெப்ரவரியில் நடத்தப்பட்ட இடைத்தேர்தலில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் மக்களின் ஆணையைப் பெற்றார். 1977 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் காலமானார். கிறிஸ்தவராக வாழ்ந்து, பெரும்பான்மையினர் இந்துக்களாகவுள்ள ஒரு மக்கள் கூட்டத்தினரால் தந்தை என அழைக்கப்பட்டவரின் பூதவுடல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் தகனம் செய்யப்பட்டது. அவர் மறைந்து சில மாதங்களில் நடைபெற்ற பொதுத் தேர்தலில், தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் மக்களால் தெரிவு செய்யப்பட்டார்.

47 வருடங்களின் பின்னர்

பிரஜாவுரிமைப் பிரச்சினை அதன் பின்னர் படிப்படியாகவே தீர்ந்தது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் பெருந்தொகையானோருக்கு வழி திறந்தன. 2003 ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வருபவர், அல்லது அவ்வாறானவரின் வழித்தோன்றல் என்பதே அச்சட்டம் கோரிய தகைமையாகும். அவ்வாண்டின் இறுதியில் நடமாடும் சேவைகள் மூலம் சில நாட்களிலேயே சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜாவுரிமையை உறுதி செய்து கொண்டனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல வருடங்கள் எடுத்த காரியம், தகைமை எளிமையாக்கப்பட்டதும் நாட்கணக்கில் முடிந்தது. 1956இல் திருகோணமலையில் கேட்கப்பட்ட எளிய வதிவிடத் தகைமை 47 வருடங்களின் பின்னர் சட்டமானது. கேட்டவர் மறைந்து 26 வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தத் தாமதத்தின் விலையை மலையகம் இன்றும் செலுத்திக் கொண்டிருக்கின்றது. நாட்டோடு ஒன்றிணையாதவர்கள் என்ற காரணத்தைக் காட்டியே அம்மக்களுக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டது. ஆனால் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டமையே அவர்கள் ஒன்றிணைவதற்குப் பெருந் தடையாயிற்று. வாக்கில்லாத மக்களின் வாசலுக்கு வேட்பாளர் வரவில்லை. அரச காணி வழங்கும் திட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. அரச உத்தியோகம் எட்டாக் கனியாயிற்று. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தேசியக் கல்வி முறைக்கு வெளியிலேயே நின்றன. தோட்டத்துக்கு வெளியே வாழ வழியில்லாதவாறு அடைத்து வைத்துவிட்டு, அவர்கள் தோட்டத்தை விட்டு வெளியே வரவில்லையே எனக் குறை கூறப்பட்டது. 1946இல் 11.7 வீதமாக இருந்த இந்தியத் தமிழர், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் சுமார் 4 வீதமாகவே பதிவாயினர். நாடு கடந்து சென்றோருடன், தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்து கொண்டோரும் இக்குறைவுக்குக் காரணமாவர்.

பாக்கு நீரிணையின் மறுகரையிலும் இதே கேள்வி வேறு வடிவில் நிற்கின்றது. 1983இன் பின்னர் தமிழகம் சென்ற இலங்கைத் தமிழ் அகதிகளில் மலையக வம்சாவளியினரும் உள்ளனர். முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர் அதுவே. 2019ஆம் ஆண்டு இந்தியா தனது பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்த சில மதத்தவருக்கு வதிவுக் காலத்தை 11 வருடங்களிலிருந்து 5 வருடங்களாகக் குறைத்தபோது, முஸ்லிம்கள் அச்சலுகையில் சேர்க்கப்படவில்லை. இலங்கை அந்த மூன்று நாடுகளுள் ஒன்றாக இல்லாமையால் இலங்கைத் தமிழரும் சேர்க்கப்படவில்லை. வருடங்கள் ஒருவருக்கு ஒருவிதமாகவும் மற்றவருக்கு வேறுவிதமாகவும் எண்ணப்படுமாயின், வதிவிடத் தகைமை நீதியின் அளவுகோலாக இருக்க முடியாது.

செல்வநாயகம் தம் வாழ்நாளில் பெற்ற வெற்றிகள் சில, தோல்விகள் பல. அவரது சமஷ்டிக் கோரிக்கை பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. தனிநாட்டுத் தீர்மானம் பற்றிய மதிப்பீடுகளும் வேறுபடுகின்றன. ஆனால், ஒரு மண்ணில் வாழ்ந்து, உழைத்து, பிள்ளை பெற்று, இறந்தவரைப் புதைத்த மனிதன் அம்மண்ணுக்கு உரியவன் என்பதை நிரூபிக்கப் பெட்டி நிறையப் பத்திரம் வைத்திருக்க வேண்டியதில்லை என்ற அவரது நிலைப்பாட்டை இந்நாட்டின் பாராளுமன்றமே இறுதியில் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஏப்ரல் 26இல் அவரது உருவப்படத்துக்கு மலர்மாலை சூட்டும்போது, சமஷ்டியோடும் வட்டுக்கோட்டையோடும் இந்தக் கோரிக்கையையும் சேர்த்து நினைவுகூர்வது, அவர் எவருக்காக முதன்முதலில் தனித்து நின்றாரோ அம்மக்களுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.